நாட்குறிப்பையும் தன்வரலாற்றையும் வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எப்படி?

அரசியல் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் தன்வரலாற்று நூல்களைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் ஒன்றை எடுக்கிறார்கள். எழுதியவர் நேரில் இருந்தவராயிற்றே என்று அவர் சொல்வதையெல்லாம் நடந்தபடியே நடந்ததாக ஏற்றுக்கொள்வது ஒன்று. தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவர் எங்கே உண்மை சொல்லப்போகிறார் என்று முழு நூலையும் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டுமே உழைப்பைத் தவிர்க்கும் வழிகள் என்பது என் எண்ணம். ஒரு நூலை நம்பலாமா கூடாதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பக்கத்தை, எந்தக் கேள்விக்காக, எந்த அளவுக்கு நம்பலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பொய் சொல்கிறவரின் எழுத்திலிருந்துகூடப் பயனுள்ள செய்திகளை எடுத்துவிடலாம். அந்தப் பிரித்தறியும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை, தமிழில் கிடைக்கும் சில நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

நடந்த ஆண்டு, எழுதிய ஆண்டு

நூலைத் திறந்ததும் ஒவ்வொரு முக்கிய நிகழ்ச்சிக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று அது நடந்த ஆண்டு. மற்றது அது எழுதப்பட்ட ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் தறுவாய் வரையில் எழுதிவந்த நாட்குறிப்பில் இந்த இடைவெளி பெரும்பாலும் அன்றைய பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளிதான். திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் 1944இல் வெளிவந்தன. அதில் அவர் விவரிக்கும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியது. உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தது 1880இல். அந்தச் சந்திப்பைத் தம் சரித்திரத்தில் எழுதியபோது இடையில் அறுபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

இடைவெளி குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு குறிப்பு உண்மையாகிவிடாது. அன்று இரவே எழுதுகிறவரும் அன்று இரவே பொய் எழுதலாம். நாட்குறிப்பின் தனிச்சிறப்பு வேறு: அதை எழுதுகிறவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, 1749இல் அது திரும்பவும் ஆங்கிலேயருக்குப் போகும் என்பதோ, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே 1754இல் பதவியிழந்து பிரான்சுக்குத் திரும்புவார் என்பதோ பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே அந்த நாள்களின் நம்பிக்கைகளும் வதந்திகளும் வீண் அச்சங்களும் அவருடைய பக்கங்களில் அப்படியே கிடக்கின்றன. பின்னாளில் பொய்த்துப்போன எதிர்பார்ப்புகள் வரலாற்று மாணவருக்குக் கிடைக்கும் அரிய பொருள். ஏனென்றால் மக்கள் முடிவெடுத்தது அந்த எதிர்பார்ப்புகளை வைத்துத்தான்.

தன்வரலாறு எழுதுகிறவருக்கோ முடிவு தெரியும். தெரிந்த முடிவை நோக்கி நிகழ்ச்சிகளை அவர் அடுக்குவார். அதில் வஞ்சகம் எதுவும் இருக்கவேண்டியதில்லை, நினைவு இயங்கும் முறையே அதுதான். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வி தம் வாழ்க்கையையே திருப்பியது என்று எண்பத்தைந்து வயதில் எழுதியபோது, சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்ததும் அதன்பின் சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறியதும் உ.வே.சா.வுக்கு நடந்து முடிந்த செய்திகள். 1880இல் அந்தக் கேள்வி அவருக்கு அத்தனை பெரிதாகப் பட்டதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தேடுகிறவர் அந்தக் காலத்துக் கடிதங்களிடம் போக வேண்டும். நல்லவேளையாக, தமக்கு வந்த கடிதங்களை அவர் பாதுகாத்து வைத்தார். அவற்றில் ஒரு பகுதி அச்சிலும் வந்திருக்கிறது.

கையில் இருப்பது எந்தப் பாடம்?

பழைய இலக்கியத்துக்குப் பாடவேறுபாடு, அதாவது படிக்குப் படி சொற்கள் மாறுவதை, பார்க்கிற நாம், நாட்குறிப்புக்கும் தன்வரலாற்றுக்கும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகளை 1846இல் பிரெஞ்சுக்காரரான கலுவா மோம்பிரோன் தேடிக் கண்டுபிடித்துப் படியெடுக்கச் செய்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியதோ 1948இல். தமிழர் ஒருவர் தமிழில் எழுதியதைத் தமிழர்கள் அச்சில் படிப்பதற்கு ஆங்கிலப் பதிப்பு முற்றுப்பெற்றபின் மேலும் இருபது ஆண்டுகள் ஆயின என்பது நம் பதிப்புலகத்துக்குப் பெருமை சேர்க்கும் செய்தியன்று. பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் தேட ஆங்கிலத் தொகுதிகளின் அடிக்குறிப்புகளும் பொருளடைவும் இன்றும் பயன்படும். ஆனால் ஒருவர் என்ன சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார் என்பதைப் பற்றி எழுதும்போது தமிழ்ப் பாடத்தையே மேற்கோள் காட்ட வேண்டும்.

இன்னொன்று: இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புகளில் சில காலப்பகுதிகள் கிடைக்கவில்லை. கிடைக்காத தாளை எழுதப்படாத தாளாக எண்ணிக்கொண்டு, இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பிள்ளை மௌனம் காத்தார் என்று முடிவுகட்டக் கூடாது. ஒருவரின் மௌனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த மாதத்துத் தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.

தொடராக வந்து நூலானவற்றிலும் இதே கவனம் தேவை. என் சரித்திரம் ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கி வாரந்தோறும் வந்தது. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமானதால் முற்றுப்பெறாமலே நின்று, 1950இல் நூலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு அது நின்றுவிடுவது அவர் திட்டமிட்ட முடிவன்று. வார இதழில் எழுதுகிறவர் ஒவ்வொரு பகுதியையும் ஒரு சுவையான இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நெருக்கடி நிகழ்ச்சிகளின் வடிவத்தை எங்கே மாற்றியிருக்கிறது என்று ஊகிக்க, இயன்றால் இதழையே எடுத்துப் பார்ப்பது நல்லது. செய்யுளில் எழுதப்பட்டவை இருக்கின்றன: பாரதியின் சுயசரிதையும் வ.உ.சி.யின் சுயசரிதையும் அப்படிப்பட்டவை. அங்கே எதுகையும் சீரும் கேட்டதற்காக ஒரு சொல் வந்திருக்கலாம். ஒற்றை அடைமொழியைப் பிடித்துக்கொண்டு அரசியல் முடிவுக்குப் போவது ஆபத்து.

நாள் கணக்கு

சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பல பெரிய பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுச் சுழற்சியில் திரும்பத் திரும்ப வருபவை. ஒரு குடும்பக் கணக்கேட்டில் ஆனந்த வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1854–55ஆக இருக்கலாம், 1914–15ஆகவும் இருக்கலாம். எழுத்து, தாள், குறிப்பிடப்படும் ஆட்கள், நாணயம் ஆகியவற்றை வைத்தே சுழற்சியை நிறுவ வேண்டும். தை, மாசி, பங்குனி மாதங்கள் பெரும்பாலும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதையும் மறக்கக் கூடாது. உ.வே.சா. பிறந்தது ஆனந்த வருடம் மாசி மாதம்; ஆங்கிலக் கணக்கில் 1855 பிப்ரவரி. தென்மாவட்ட ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். ஆங்கில ஆண்டைப் பெற அதனுடன் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். வருவாய்த்துறைத் தாள்களில் வரும் பசலி ஆண்டுக்கு 590 அல்லது 591 கூட்ட வேண்டும். தமிழ் மாதப் பிறப்பை இன்றைய நாள்காட்டியை வைத்துக் கணக்கிட்டால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தேதிகள் சில நாள் பிசகும். அக்காலத்தில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14ஆம் தேதிக்கு முன்னதாகவே வந்தது. எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை தொகுத்த இந்தியன் எபிமெரிஸ் அட்டவணைகள் 700 முதல் 1799 வரையிலான ஆண்டுகளுக்கு நாள்வாரியாக விடை தரும். இணையக் கணிப்பான்களைவிட நான் அதையே நம்புவேன்.

ஆங்கிலத் தேதிகளும் ஒரே கணக்கில் இல்லை. 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாள்காட்டியையே பின்பற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்களோ கிரிகோரியன் நாள்காட்டிக்கு முன்பே மாறிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பதினொரு நாள் வித்தியாசம். சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது ஆங்கிலேயக் கணக்கில் 1746 செப்டம்பர் 10. புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. அடையாற்றங்கரைச் சண்டை ஒரு நூலில் அக்டோபர் 24 என்றும் இன்னொன்றில் நவம்பர் 4 என்றும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று எழுதினால் தவறு நம்முடையது. புதுச்சேரியிலிருந்து ஒரு கடிதம் ஆங்கிலேயர் இருந்த கடலூருக்குப் போய்ச் சேரும் முன்பே அதற்குப் பதில் எழுதப்பட்டதுபோலத் தோன்றும் விசித்திரமெல்லாம் இந்தப் பதினொரு நாளில் தீர்ந்துவிடும்.

கண்டது, கேட்டது, கருதியது: 1746ஐ வைத்து ஒரு பயிற்சி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே செய்து பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்து பாருங்கள். ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, எழுதியவர் அதைக் கண்ணால் கண்டாரா, இன்னொருவர் சொல்லக் கேட்டாரா, தாமே கருதிக்கொண்டாரா என்று ஓரத்தில் குறித்து வாருங்கள். 1746இல் சென்னை பிடிபட்ட நிகழ்ச்சி இதற்கு ஏற்றது. அதைப் பற்றி ஒன்றோடொன்று மோதும் தனிப்பட்ட எழுத்துகள் கிடைக்கின்றன.

கப்பற்படைத் தலைவர் லா பூர்தொன்னே கோட்டையைப் பிடித்தபின், பதினொரு லட்சம் வராகன் (பொன் நாணயம்) பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேய ஆளுநர் மோர்ஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. இருவரும் பகைத்தார்கள். அக்டோபரில் வீசிய புயலில் கப்பல்கள் பல சிதைந்தபின் லா பூர்தொன்னே கடற்கரையை விட்டுப் போனார். சென்னை டூப்ளேயின் கையில் நின்றது. ஊர் திரும்பிய லா பூர்தொன்னேயைப் பாரிசில் பாஸ்தீய் சிறையில் அடைத்து விசாரித்தார்கள். ஆங்கிலேயரிடம் கையூட்டு வாங்கினார் என்பது அவர்மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1751இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அதற்கு முன் தம் தரப்பை விளக்கி ஒரு நினைவுக்குறிப்பை வெளியிட்டிருந்தார். பின்னாளில் டூப்ளேயும், தமக்கு வரவேண்டிய பணத்துக்காகப் பிரெஞ்சுக் கம்பெனியோடு வழக்காடியபோது, 1759இல் ஒரு நினைவுக்குறிப்பை அச்சிட்டார்.

இப்போது மூவரையும் அருகருகே வையுங்கள். லா பூர்தொன்னே சென்னையில் இருந்தவர், உடன்படிக்கையைக் கையெழுத்திட்டவர், ஆனால் அவர் எழுதுவது நீதிமன்றத்தை நோக்கி, தம் தலையைக் காத்துக்கொள்ள. டூப்ளே எழுதுவது கடன் தொல்லையில், தாம் செய்த செலவுக்குக் கணக்குக் காட்ட. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு எழுதும்போது வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அவர் சென்னையில் இல்லை. சென்னையில் நடந்தவை அவருக்குக் கடிதங்கள் வழியாகவும், வந்து போகிறவர்கள் வாய் வழியாகவும் தெரிந்தவை. லா பூர்தொன்னே எவ்வளவு பணம் வாங்கினார் என்பதற்குப் பிள்ளை சாட்சியாக முடியாது. அந்தச் செய்தி புதுச்சேரிக்கு எப்படி வந்தது, வந்தபோது ஆளுநர் எப்படிக் கொதித்தார், ஊரார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கோ அவரைவிட நல்ல சாட்சி இல்லை. ஆங்கிலேயர் தரப்புப் பதிவுகளைத் தேடினால் அங்கே ஓர் அறுபடல் இருக்கும். கோட்டையே கைமாறியதால் அவர்களுடைய நிர்வாகம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலிருந்து தொடர்ந்தது. யார் எந்த அறையில் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், எந்தச் செய்திக்கு யாரைக் கேட்பது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சு

தன்வரலாறுகளில் வரும் உரையாடல்களை ஒலிப்பதிவுபோல எடுத்துக்கொள்வது பரவலான பழக்கம். அறுபது ஆண்டுக்கு முந்தைய உரையாடலை வரிக்கு வரி நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது. உரையாடல் வடிவம் நூலாசிரியர் தேர்ந்துகொண்ட ஓர் எழுத்து முறை. அன்றன்றே எழுதிய பிள்ளையிடமும் இந்தச் சிக்கல் உண்டு. டூப்ளேயோடு அவர் பேசியது தமிழிலன்று. நாட்குறிப்பில் இருப்பதோ தமிழ். ஆளுநரின் வாயில் பிள்ளையைப் புகழும் சொற்கள் வரும் இடங்கள் அந்த நாட்குறிப்பில் குறைவில்லை. டூப்ளே அப்படிச் சொன்னாரா என்பதை நம்மால் நிறுவ முடியாது. தம்மை எந்தக் காரணங்களுக்காக ஆளுநர் மதிக்க வேண்டும் என்று பிள்ளை எண்ணினார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்; 1746இல் தலைமைத் துபாஷி கனகராய முதலி இறந்தபின் அந்தப் பதவிக்கு நடந்த போட்டியைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி போதுமானது, ஒருவகையில் மேலானதும்கூட.

தற்காப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளப் பழகவேண்டும். 1748இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த செப்டம்பர் மாதத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நாட்குறிப்பின் மிக வேதனையான பக்கங்கள் அவை. ஆளுநரின் மனைவிமீதும் பாதிரியார்கள்மீதும் பிள்ளை கடுமையாகக் குற்றம் சுமத்துகிறார். அவருடைய துயரத்தை ஐயுறக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்போது ஆளுநருக்கு மிக நெருங்கியிருந்த இந்தியர்களில் அவர் முதன்மையானவர். அவர் என்ன செய்தார், என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி ஊரில் எழுந்திருக்காமல் இராது. பிறர் குற்றங்கள் திடீரென்று விரிவாகவும், எழுதுகிறவரின் செயல்கள் சுருக்கமாகவும் வரத் தொடங்கும் பக்கங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தப் பக்கங்களைப் பொய் என்று தள்ளுவதற்காக அல்ல. இரண்டாவது சான்று கட்டாயம் தேவைப்படும் இடங்கள் அவை என்பதற்காக.

இதற்கு நேர்மாறானவை, எழுதுகிறவர் எதையும் நிரூபிக்க எண்ணாமல் போகிறபோக்கில் விட்டுச்சென்ற செய்திகள். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை முழங்கியது, யார் பல்லக்கில் வந்தார், யாருக்கு வெற்றிலை பாக்கும் பன்னீரும் கொடுத்தார்கள், யாரை நிற்க வைத்துப் பேசினார்கள் என்பன போன்றவை. அதிகாரம் எங்கே இருந்தது, யார் அதற்கு அருகில் போகப் பார்த்தார் என்பதை இந்தச் சில்லறைச் செய்திகளிலிருந்து எடுத்த ஆய்வுகளே நிலைத்து நின்றிருக்கின்றன. பிள்ளைக்குப்பின் 1778 முதல் 1792 வரையிலான புதுச்சேரியைப் பற்றி இரண்டாம் வீராநாயக்கர் எழுதிய நாட்குறிப்பும் அச்சில் இருக்கிறது. முன்னவர் ஆளுநர் மாளிகைக்கு அருகில் நின்று பார்த்தவர். பின்னவர் ஊர்க்காவல் பணியில் இருந்தவர். ஒரே ஊர் தெருவிலிருந்து பார்க்கும்போது எப்படி மாறித் தெரிகிறது என்பதற்காகவாவது இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இருவர் முரண்படும்போது

அண்மைக்கால அரசியலுக்கு வந்தால் சான்றுகள் பெருகும், சண்டையும் பெருகும். 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. பெற்ற வெற்றிக்குப்பின் அண்ணா ஒரு பொதுக்கூட்டத்தில் கருணாநிதிக்கு மோதிரம் அணிவித்தார். தேர்தல் உழைப்புக்குத் தலைவர் அளித்த பாராட்டாக இதைக் கழகத்தார் நினைவுகூர்வது வழக்கம். 1961இல் கட்சியை விட்டு வெளியேறிய கண்ணதாசனோ, வனவாசம் என்ற தம் தன்வரலாற்று நூலில், அந்த மோதிரம் வந்த விதத்தைப் பற்றி முற்றிலும் வேறான, கசப்பான ஒரு கதையைச் சொல்கிறார். மோதிரத்தை வாங்கியது யார் என்று தீர்ப்புச் சொல்வதில் மாணவருக்கு வேலையில்லை. கண்ணதாசனின் கூற்றைத் தனியே நின்று உறுதிசெய்ய வழியில்லாதபோது அது அவருடைய கூற்றாகவே நிற்க வேண்டும். ஆனால் பிரிந்துபோன ஒருவர் பல ஆண்டுகள் கழித்தும் ஒரு மோதிரத்தைப் பற்றி இத்தனை சூடாக எழுதுகிறார் என்பதே அன்றைய கட்சிக்குள் தலைவரின் கவனத்துக்காக நிலவிய போட்டிக்குச் சான்று. இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் செய்திகளை முதலில் பட்டியலிடுங்கள்: கூட்டம் நடந்தது, மோதிரம் அணிவிக்கப்பட்டது, அது பெரிதாகப் பேசப்பட்டது. முரண்படுகிற இருவர் ஒத்துக்கொள்வதற்கு, நண்பர்கள் இருவர் ஒத்துக்கொள்வதைவிட மதிப்பு அதிகம்.

ஒத்துக்கொள்வதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பின்னால் எழுதியவர் முன்னவரின் நூலைப் படித்துவிட்டு எழுதியிருந்தால் அவை இரண்டு சான்றுகள் ஆகா, ஒன்றுதான். விடுதலைப் போராட்ட நினைவுகளில் ஒரே நிகழ்ச்சி ஒரே சொற்களில் பல நூல்களில் வருவதைக் காணலாம். அங்கே ஊற்று எது என்று தேடி, முதலில் அச்சானதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அரசாங்கத்தின் ஏடுகள்

தன்வரலாற்றை எதனோடு ஒப்பிடுவது? 1918க்கும் 1921க்கும் இடையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் போராட்டங்களைப் பற்றித் திரு.வி.க. எழுதுவதை எடுத்துக்கொண்டால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும், மாகாண அரசு டெல்லிக்கு அனுப்பிய இருவார அறிக்கைகளும், நாட்டுமொழிப் பத்திரிகைகளிலிருந்து அரசு மொழிபெயர்த்து வைத்த வாராந்தரச் சுருக்கங்களும் இருக்கின்றன. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அக்காலத்து இதழ்களும் துண்டு வெளியீடுகளும் கிடைக்கும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிலேயே உள்ளன. மாகாண எல்லைக்கு வெளியே போனவர்களுக்கு டெல்லியில் தீன் மூர்த்தி வளாகத்து நூலகம் முக்கியமானது. ராஜாஜியின் தாள்கள் அங்கே இருக்கின்றன.

இந்த ஏடுகளை அசல் என்றும், தன்வரலாற்றை நகல் என்றும் எண்ணிவிடக் கூடாது. மேடைப் பேச்சைக் கேட்டு எழுதிய காவலருக்கும் ஒரு மேலதிகாரி இருந்தார். மேலதிகாரி எதிர்பார்த்தது ராஜத்துரோகம் என்றால் அவர் காதில் அது விழுந்திருக்கும். கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையில் காவல்துறை குறைத்துச் சொல்வதும் தலைவர்கள் கூட்டிச் சொல்வதும் இன்றுவரை மாறாத வழக்கம். இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதே முறை. நடுவில் ஒரு சராசரி எடுப்பது கணக்காகாது.

ஒப்பிட ஏடுகளே இல்லாத இடங்களில் என்ன செய்வது? இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ஜீவிய சரித்திர சுருக்கம் அளவில் சிறியது. அவர் கலந்துகொண்ட இலண்டன் வட்டமேசை மாநாட்டைப் பற்றி அவர் சொல்வதை மாநாட்டின் அச்சிட்ட நடவடிக்கைகளோடு ஒப்பிடலாம். ஆனால் 1893இல் அவர் தொடங்கிய பறையன் இதழின் பிரதிகள் இன்று மிக அரிது. ஆகவே அந்தக் கால முயற்சிகளுக்கு அவருடைய சொல்லே பெரும்பாலும் நமக்குள்ள சான்று. இரண்டாவது சான்று இல்லாத எதையும் ஏற்க மாட்டேன் என்று விதி வகுத்துக்கொள்கிறவர், ஆவணக்காப்பகங்கள் யாரைப் பொருட்படுத்தவில்லையோ அவர்களையே வரலாற்றிலிருந்து மறுபடியும் நீக்குகிறார். அத்தகைய இடங்களில் ஒற்றைச் சான்றை ஏற்று, அது ஒற்றைச் சான்று என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுவதே நேர்மை.

எழுதாமல் விட்டவற்றையும் கேட்க வேண்டும். என் சரித்திரத்தில் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எத்தனை அத்தியாயங்கள், மனைவியைப் பற்றி எத்தனை வரிகள் என்று எண்ணிப் பார்த்தால், அக்காலத்தில் எது பொதுவில் எழுதத்தக்க வாழ்க்கையாகக் கருதப்பட்டது என்பது தெரியும். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் தம் நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். இதைக் கேட்டதும் சிலர் முரண் என்று நகைப்பார்கள். மேடையில் பேசும் மனிதருக்கும் இரவில் தனியே எழுதும் மனிதருக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க அது ஓர் அரிய கருவி என்று எடுத்துக்கொண்டால், அதிலிருந்து பெறுவதற்கு நிறைய உண்டு.

வீட்டுப் பரண்மேல் இருப்பவை

பெரிய மனிதர்களின் நூல்களோடு நிற்க வேண்டியதில்லை. பாட்டியின் வரவுசெலவு நோட்டு, பெரியப்பா பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ எழுதிய கடிதங்கள், ரேஷன் அட்டை, கட்சி உறுப்பினர் அட்டை, திருமண மொய் நோட்டு எல்லாமே சான்றுகள். மொய் நோட்டில் யார் பெயர் எந்த ஊரோடு வருகிறது என்பதை வைத்து ஓர் உள்ளூர் அரசியல்வாதியின் செல்வாக்கு வட்டத்தையே வரையலாம்.

இத்தகைய கட்டு கைக்கு வந்தால் முதலில் பிரிக்காதீர்கள். எந்தத் தாள் எதன்மேல் இருந்தது என்ற வரிசையே ஒரு செய்தி. கட்டு இருந்த நிலையையும் பிறகு ஒவ்வொரு தாளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எண்ணிடுங்கள். கடித உறைகளை எறிய வேண்டாம்; உறையின் தபால் முத்திரைதான் பல சமயங்களில் கடிதத்தின் ஒரே தேதி. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவதும், பாதுகாப்புக்கென்று லேமினேட் செய்வதும் தாளுக்கு நிரந்தரக் கேடு. இரும்பு ஊக்குகளையும் ரப்பர் வளையங்களையும் எடுத்துவிட்டு, அமிலமில்லாத உறையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். எழுதியவரைத் தெரிந்த முதியவர்கள் வீட்டில் இருந்தால், தாள்களை அவர்கள் முன் வைத்துப் பெயர்களையும் உறவுகளையும் கேட்டு அன்றே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதைத் தாளின்மேல் எழுதாமல், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் தனி ஏட்டில் எழுத வேண்டும். நாளை அதுவும் ஒரு சான்றாகச் சோதிக்கப்படும்.

எழுதும்போது

கட்டுரையில் வினைச்சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். திரு.வி.க. இவ்வாறு நினைவுகூர்கிறார், லா பூர்தொன்னே தம் தற்காப்பில் இவ்வாறு வாதிடுகிறார், பிள்ளை இவ்வாறு கேள்விப்பட்டதாகக் குறிக்கிறார் என்று எழுதும்போது ஒவ்வொரு கூற்றின் எடையும் வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. தனியே எச்சரிக்கை எழுத வேண்டியதில்லை. தேதியை மாற்றி எழுதியிருந்தால் மூலத் தேதியையும் அருகில் கொடுங்கள். அடிக்குறிப்பில் பதிப்பு, தொகுதி, பக்கம் மூன்றோடு நாட்குறிப்புக்குப் பதிவுத் தேதியையும் சேர்த்தால், வேறு பதிப்பை வைத்திருக்கிறவரும் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

குடும்பத் தாள்களைப் பயன்படுத்தும்போது இன்னொரு கடமையும் உண்டு. கடிதம் எழுதியவர் இறந்திருக்கலாம். அதில் பேசப்படுகிறவர்கள் உயிரோடு இருக்கலாம். நோய், கடன், மண முறிவு, சாதிவிட்டுச் செய்த திருமணம் போன்றவை வரும் இடங்களில், உங்கள் வாதத்துக்கு அந்தப் பெயர் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் மாற்றுப் பெயர் இட்டு, மாற்றியிருப்பதைக் குறிப்பிடுங்கள். தாள்களுக்கு உரியவர்களிடம் எதைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெறுவது நல்லது. வேலை முடிந்ததும் படங்களின் ஒரு படியையும் நீங்கள் தயாரித்த பட்டியலையும் குடும்பத்தாரிடமே கொடுத்துவிட்டு, அவர்கள் இசைந்தால் இன்னொரு படியை அருகிலுள்ள ஆய்வு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். உங்கள் முடிவுகளை மறுக்க விரும்புகிறவருக்கு அந்தத் தாள்கள் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.